சிலுவை இல்லாத மூடி

பெட்டிக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். தர்ம காரியம் செய்கிற மனிதர் என்றால் தலையைச் சாய்த்துப் புன்னகைப்பார், பூ மாதிரிப் பேசுவார் என்று நினைக்கிறவர்கள் அவருடைய பட்டறைப் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும். கட்டில் கால் லேசாக ஆடுகிறது என்று குறை சொன்ன வாடிக்கையாளரிடம், "அப்போ தரையில படுங்க, ஆடாது" என்று சொல்லி அனுப்பியவர் அவர். அளவைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றுகிறவர்களை மனிதர்களாகவே மதிக்க மாட்டார்.

தொழில் தச்சு வேலை. கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி எல்லாம் செய்வார். பெட்டிக்காரர் என்ற பெயர் வந்தது சவப்பெட்டியால். பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்களுக்குக் காசு வாங்காமல் பெட்டி செய்து கொடுப்பார். செய்து கொடுப்பதோடும் விடமாட்டார். தானே போய் உடலைப் பெட்டியில் கிடத்தி, மூடியைத் திருகி, குழிக்குள் இறக்கி, மண்ணைத் தள்ளி, ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு குறைந்திருந்தால் வீடு இரண்டாகிவிடும்.

தெருவுக்கு இந்தப் பெட்டி விவகாரம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர், "என் கடைக்கு வர்ற நோயாளி முதல்ல உங்க பெட்டியத்தான் பாக்குறான், மருந்து வாங்காமலே திரும்பிடுறான்" என்று இரண்டு முறை சண்டைக்கு வந்துவிட்டார். பக்கத்து மாடியில் குடியிருப்பவர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலையே திறப்பதில்லை. பெட்டிக்காரர் டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் மெல்ல ஒதுங்கி உட்காருவார்கள். அது மரியாதையால் அல்ல என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நடுவில் போய் உட்காருவார்.

வீட்டிலும் இதே கதைதான். அவருடைய மனைவி ஆலயத்துக்கு அவருக்கு முன்னால் போய் முன்வரிசையில் உட்காருகிறவர். பக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டறைச் சுவரில் பெட்டி சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "கல்யாணக் கட்டில் கேட்டு வர்றவங்களுக்குக் கடைசிக் கட்டிலக் காட்டினா யாருங்க நிப்பாங்க?" என்பார். "ஊர்ல இருக்குற பொணத்துக்கெல்லாம் பெட்டி. உயிரோட இருக்குற எனக்கு உட்கார ஒரு முக்காலி கிடையாது." முக்காலி விஷயத்தில் அந்த அம்மாள் சொன்னது முழு உண்மை.

இந்த வேலைக்கு அவர் வந்து சேர்ந்ததே ஒரு சண்டையால்தான். பல வருஷங்களுக்கு முன்னால் ஆலயத்தில் பாஸ்டர், ஒவ்வொருவரும் வெளியே போய் ஒரு ஆளிடமாவது நம் விசுவாசத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பெட்டிக்காரரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கையில் துண்டுப் பிரசுரத்தோடு கிளம்பினார். முதல் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, பொறுமையாகக் கேட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு இவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் இவருக்குக் கோபம்தான் வரும். கடைசியில் சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்து, பிரசுரம் சாக்கடையில் மிதக்கத் திரும்பி வந்தார். பாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "நீங்க வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம் ஐயா, கையால ஏதாவது செய்யுங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

கையால் செய்ததுதான் பெட்டி. பேக்கிங் பலகையில் செய்வார், விலை குறைந்த மரம். ஆனால் மூடிக்கு மட்டும் தனிக் கவனம். மூடியின் நடுவே உளியால் பள்ளம் செதுக்கி, அலமாரி வேலையில் மிஞ்சிய கருத்த ஈட்டி மரத் துண்டுகளைச் சீவி, ஒரு சிலுவையை உள்ளே இறுக்கி அடித்துப் பதிப்பார். விரலால் தடவினால் இணைப்பே தெரியாது. அரை நாள் வேலை அது. "எப்படியும் மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்குய்யா இவ்வளவு?" என்று கேட்டவர்களிடம், "இதுதான் என் பிரசங்கம்" என்பார். ஆலயத்தில் யாரும் செய்யாத பிரசங்கம் இது என்று அவருக்கு உள்ளூரக் கர்வமும் உண்டு. கர்வம் கூடாது என்று ஜெபத்தில் சொல்லிக்கொள்வார். சொன்ன பிறகும் அது அப்படியேதான் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தையல்காரி வந்தாள்.

பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்து இறந்துபோன ஒரு கிழவரின் உடல் இரண்டு வாரத்துக்கு மேல் பிணவறையில் கிடந்தது. யாரும் தேடி வரவில்லை. போலீஸ் விசாரணைத் தாள் முடியாததால் எரிக்க அனுமதி இல்லை, புதைக்கத்தான் வேண்டும். காலையிலேயே பெட்டிக்காரர் பெட்டியோடு ஆலயத்து வண்டியில் போய் இறங்கினார். வண்டியை ஓட்டி வந்தவர் சபைச் செயலாளர். வண்டிச் சாவியும் கல்லறைத் தோட்டத்துச் சாவியும் அவருடைய இடுப்பில்தான் தொங்கும். எல்லோரையும் பிரதர் என்பார். கோபம் ஏற ஏறப் பிரதர் அதிகமாகும்.

பெட்டிக்காரர் உள்ளே போய்த் தன் வேலையை முடித்து, பிணவறை ஊழியரின் உதவியோடு பெட்டியைத் தள்ளுவண்டியில் வராந்தாவுக்குக் கொண்டுவந்தார். மூடியை மேலே வைத்தாயிற்று, இன்னும் திருகவில்லை. அப்போது படிக்கட்டில் ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சீருடை தைக்கிற கம்பெனியில் மிஷினை விட்டு எழுந்தவள் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கையில் போலீஸ் கொடுத்த போட்டோ இருந்தது.

"இது எங்கப்பா" என்றாள் ஊழியரிடம்.

"முகத்தப் பாக்குறீங்களாம்மா?" என்று ஊழியர் மூடியில் கை வைத்தார்.

"வேண்டாம். போட்டோல பாத்ததே போதும்." சொல்லிவிட்டுப் பெட்டியின் பக்கம் திரும்பியவள் மூடியைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். "இது என்ன?"

"பெட்டி" என்றார் பெட்டிக்காரர்.

"மேல என்னன்னு கேக்குறேன்."

"சிலுவை."

"யாரக் கேட்டு வச்சீங்க?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. நன்றி சொல்ல வேண்டிய வாய் நியாயம் கேட்கிறதே என்று அவருக்குச் சுருக்கென்றது. "கேக்குறதுக்கு ஆள் இருந்திருந்தா நான் எதுக்கும்மா வர்றேன்?" என்றார். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அவள் முகம் வெளிறியது. ஆனால் பின்வாங்கவில்லை.

"எங்கப்பா சரக்கு யார்டுல கிரேன் ஓட்டினவரு. எந்தச் சாமியையும் கும்பிட மாட்டாரு. உங்க ஆளுங்க பிரசுரத்தத் தூக்கிட்டு வந்தா வாசல்லயே நிக்க வச்சு, தலைகீழா நிக்கிற வரைக்கும் கேள்வி கேட்டுத்தான் அனுப்புவாரு. எல்லா மதத்து ஆளுங்களையும் அப்படித்தான். அவரு மேல இத வச்சு அனுப்ப நான் விடமாட்டேன். எடுங்க அத."

"சிஸ்டர், எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று செயலாளர் குறுக்கே வந்தார்.

"நான் உங்களுக்கு சிஸ்டர் இல்ல."

"எடுக்குறதுக்கு அது ஒட்டின படம் இல்லம்மா" என்றார் பெட்டிக்காரர். "செதுக்கிப் பதிச்சது. பிடுங்கினா அதே மாதிரி பள்ளம் நிக்கும். அது இன்னும் நல்லாத் தெரியும்."

"அப்போ வேற மூடி போடுங்க."

"வேற மூடி மரத்துல காய்க்குதா?"

ஊழியர், உறவு வந்துவிட்டதால் ஒரு கையெழுத்து பாக்கி என்று அவளை உள்ளே அழைத்துப் போனார். அவள் தலை மறைந்ததும் செயலாளர் கண்ணைக் காட்டினார். பெட்டிக்காரருக்கும் அதே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கி, புரட்டி, சிலுவை உள்பக்கம் போகும்படி வைத்தார். அவள் பார்க்கப்போவது வெறும் பலகையைத்தானே. பிரச்சினை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார். இந்த அற்பத்தனத்தை அவர் செய்தார் என்பதை மறைக்க வழியில்லை, அவர் செய்தார்.

அவள் திரும்பி வந்து ஒரு கணம்தான் பார்த்தாள். குனிந்து பலகையை உள்ளங்கையால் தடவினாள். "சீவாத பக்கத்தத் திருப்பி வச்சிருக்கீங்க" என்றாள். "துணி தைக்கிறவ நான். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னு எனக்குத் தெரியாதா? இப்போ அது எங்கப்பா மூஞ்சிக்கு நேரா இருக்கு. மண்ணுக்குள்ள அதையே பாத்துட்டுக் கிடக்கணுமா அவரு?"

திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் வெட்கப்பட வேண்டும். பெட்டிக்காரருக்கு வெட்கம் வந்த வேகத்திலேயே கோபமும் வந்துவிட்டது. "சும்மா குடுக்குற பெட்டிக்கு இவ்வளவு சட்டமா? பிடிக்கலைன்னா கடையில போய் வாங்கிக்கோ."

"வர்ற வழியில ஆஸ்பத்திரி வாசல் கடையில கேட்டுட்டுத்தான் வந்தேன். அங்கயும் எல்லாப் பெட்டியிலயும் சிலுவைதான். வெறும் பெட்டி வேணும்னா ரெண்டு நாள் ஆகுமாம்." அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் அவருக்கு அதிகம் உறைத்தது. "சும்மா குடுக்குறீங்க, அதனால நாங்க வாயப் பொத்திக்கிட்டு வாங்கிக்கணும். அப்படித்தானே? எங்கப்பா உயிரோட இருந்தா உங்கள வெளிய போன்னு சொல்லியிருப்பாரு. இப்போ அவரால சொல்ல முடியல. அத வச்சுத்தான நீங்க இத அவரு மேல வைக்கிறீங்க?"

பெட்டிக்காரர் அன்றைக்கு முதல் வீட்டு வாசலில் நின்ற மாதிரியே நின்றார். ஆனால் இந்த முறை பதில் இல்லாத இடத்தில் கோபம் வரவில்லை. வாசலில் கேள்வி கேட்கிறவரிடம் பேசத் தெரியாமல் ஓடி வந்து, எழுந்து போக முடியாதவர்களாகப் பார்த்து இத்தனை வருஷம் பிரசங்கம் செய்திருக்கிறோமே என்று நினைத்தார். எத்தனை பெட்டி, எத்தனை மூடி. அதில் எத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்? அசிங்கமாக இருந்தது அவருக்கு.

"எத்தன மணி வரைக்கும் வச்சிருப்பீங்க?" என்று ஊழியரிடம் கேட்டார்.

"நாலு மணிக்குப் பூட்டிடுவேன். நாளைக்கு லீவு."

பெட்டிக்காரர் தையல்காரியைப் பார்த்து, "வா, மரம் இருக்கான்னு பாக்கலாம்" என்றார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பட்டறையில் மரம் இல்லை. பேக்கிங் பலகை எல்லாம் கை நீளத்துக்கு மேல் போகாது. பழைய கதவுப் பலகை ஒன்று கிடந்தது, பாதி செல்லரித்துப் போயிருந்தது. ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் சுவரோரம் துணி போட்டு மூடியிருந்ததன் முன்னால் போய் நின்றார். ஆலயத்துக்குப் புதிதாகச் செய்து தருவதாக அவர் நேர்ந்திருந்த திருவிருந்து மேசையின் மேல்பலகை அது. ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் வைக்கிற மேசை. வருஷக்கணக்காகச் சேர்த்த நல்ல தேக்கு, முடிச்சு இல்லாத மரம். ஆள் நீளம், ஆள் அகலம். இழைத்து முடித்தாயிற்று, நடுவில் சிலுவை பதிப்பதுதான் பாக்கி.

சத்தம் கேட்டு மனைவி பின்வாசலிலிருந்து வந்தார். கணவர் துணியை விலக்கியதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "என்னங்க, அது மேசைக்கு."

"தெரியும்."

"இந்தப் பொண்ணு யாரு?"

அவர் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். மனைவி தையல்காரியை மேலும் கீழும் பார்த்தார். அந்த அம்மாளின் நாக்கு எப்போதும் மனசுக்கு முன்னால் ஓடும். "செத்தப்பறம் வந்து இவ்வளவு நியாயம் பேசுறியே, உயிரோட இருக்கையில ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்ல?"

தையல்காரி மரத்தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வந்திருக்கணும்" என்றாள். "எங்களுக்குள்ள சண்டையே இதுதான். எனக்குச் சாமி உண்டு. அவருக்குக் கிடையாது. என் பையன் காய்ச்சல்ல கிடந்தப்போ நான் வேண்டிக்கிட்டேன். பையன் பிழைச்சான். அப்பா வந்து, டாக்டருக்கு நன்றி சொன்னியான்னு கேட்டாரு. எனக்குப் பொறுக்கல, வீட்டுக்கு வராதீங்கன்னுட்டேன். அவரும் வரல. அவருதான் வரட்டுமேன்னு நானும் இருந்துட்டேன்." நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள். "அந்தச் சண்டையில அவரே ஜெயிச்சதா இருக்கட்டும்மா. அத நான் குடுக்கலைன்னா வேற என்ன குடுக்கப் போறேன்?"

பலகையின் ஒரு முனையைப் பெட்டிக்காரர் தூக்கியபோது மறுமுனையை மனைவி தூக்கினார்.

அளவு குறித்து, ரம்பத்தை வைத்துப் பாதி அறுத்திருப்பார். வாசலில் ஆலயத்து வண்டி வந்து நின்றது. செயலாளர் இறங்கி உள்ளே வந்தார். பாஸ்டர் வெளியூரில் இருக்கிறார், போனில் கிடைக்கவில்லை, அதற்குள் தானே ஒரு முடிவு எடுத்துவிட்டதாகச் சொல்லத்தான் வந்தார். தேக்கைப் பார்த்ததும் வந்த விஷயம் மறந்துபோனது.

"பிரதர், என்ன பிரதர் இது?"

"மூடி."

"அது மேசைப் பலகை பிரதர். ஆண்டவருக்குன்னு சபையில எழுந்து நின்னு சொன்னது பிரதர். அத ஒரு நாத்திகனுக்கா வெட்டுறீங்க?"

"அளவு சரியா இருக்கு" என்றார் பெட்டிக்காரர், ரம்பத்தை நிறுத்தாமல்.

"ஆண்டவருக்குக் குடுத்தத எடுக்குறது எப்பேர்ப்பட்ட பாவம் தெரியுமா பிரதர்?"

"என் மரம். இன்னும் பட்டறைய விட்டுப் போகல. அவரு கோவிச்சுக்கிட்டா என்கிட்ட கேக்கட்டும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூள் கண்ணுல விழும்."

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "சிலுவை இல்லாத பெட்டி நம்ம கல்லறைத் தோட்டத்துக்குள்ள வராது. வண்டியும் வராது. ஞாயித்துக்கிழமை கமிட்டியில இதப் பேசுவோம். இனிமே இந்த ஊழியத்துக்கு நீங்க வேணுமா வேண்டாமான்னு கமிட்டி சொல்லும்" என்றார். போகிற போக்கில் தையல்காரியை ஒரு பார்வை பார்த்தார். அவளும் அதே பார்வையைத் திருப்பிக் கொடுத்தாள். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போனது. கமிட்டி என்ன சொல்லும் என்று பெட்டிக்காரருக்கு நன்றாகவே தெரியும். ஊரில் அவர் மார் தட்டிக்கொண்ட ஒரே காரியம் கையை விட்டுப் போகப் போகிறது. ரம்பம் ஒருமுறை தடம் மாறியது. திட்டிக்கொண்டே நேராக்கினார்.

மூடி தயாரானது. மரத்தில் ஒரு கீறல் இல்லை, ஓர் அடையாளம் இல்லை. சீவின பக்கத்தைத் தையல்காரியிடம் காட்டி, "இது வெளிப்பக்கம். பாத்துக்கோ" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். அவள் நிஜமாகவே தடவிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

ஒரு சரக்கு வண்டிக்காரரைப் பிடித்தார்கள். பெட்டி ஏற்றுவதாகச் சொன்னதும் அவர் முகத்தைச் சுளித்தார். "வண்டி ஓட்டுவேன். தொட மாட்டேன். கீழ இறங்கவும் மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். புறப்படும்போது பெட்டிக்காரர் மனைவியும் பட்டறையைப் பூட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு?"

"கயிறு புடிக்க ஆள் வேணும்ல. உங்க பிரதர்மார் யாராவது வர்றாங்களா?"

பிணவறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஊழியர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பூட்டை ஆட்டிக் காட்டினார். பழைய மூடியை எடுத்துவிட்டுப் புதிய மூடியை வைக்கும்போது தையல்காரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். திருகுகள் எல்லாம் இறங்கிய பிறகுதான் திரும்பினாள்.

பொது இடுகாடு ஊருக்கு வெளியே குப்பை மேட்டை ஒட்டி இருந்தது. பெயர்ப் பலகைகூட இல்லாத குழிகள். காவலாளி கேட்டைத் திறக்கவே பத்துக் கேள்வி கேட்டார், குழி வெட்டுகிறவர் முன்கூட்டியே சொல்லாததற்குத் திட்டினார். அன்றைக்கு அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசிய ஆள் ஒருவர்கூட இல்லை. பெட்டியை இறக்கக் கயிற்றின் நான்கு முனைக்கும் நான்கு பேர் வேண்டும். குழி வெட்டுகிறவர் ஒன்று, பெட்டிக்காரர் ஒன்று, தையல்காரி ஒன்று, பெட்டிக்காரர் மனைவி ஒன்று. வாழ்நாளில் பெட்டியை விரலால்கூடத் தொடாத அந்த அம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். தேக்கு மூடி கனம். தையல்காரியின் பக்கம் கயிறு வழுக்கியது. "விட்டுடாத, விட்டுடாத" என்று பெட்டிக்காரர் அவளை அதட்டினார். அவள் விடவில்லை. பெட்டி கோணாமல் கீழே போய் உட்கார்ந்தது.

மண் தள்ளி முடிந்தது. குழி வெட்டுகிறவர் கையைக் கழுவப் போய்விட்டார். வழக்கமாக இந்த இடத்தில் பெட்டிக்காரர் சத்தமாக ஜெபம் சொல்வார். இன்றைக்கு வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். கண்ணை மட்டும் மூடினார்.

"மனசுக்குள்ள ஜெபமா?" என்றாள் தையல்காரி.

"ஆமா."

"எங்கப்பாவுக்கா?"

"இல்ல, எனக்கு. உன் மேல கோபம் இன்னும் தீரல. அது தீரணும்னு கேட்டேன்."

"எனக்கும் உங்க மேல தீரல" என்றாள் அவள்.

"சரி. தீரும்போது தீரட்டும்."

அவள் கிளம்புவாள் என்று அவர் நினைத்தார். அவள் கிளம்பவில்லை. கையிலிருந்த போட்டோவை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மடித்தாள். "இதுல தாடி கண்டபடி வளந்து கிடக்கு" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒரு நாள்கூட சவரம் பண்ணாம அவரு வெளிய வந்தது இல்ல. யார்டுல மழையில நிக்கப் போனாலும் முகத்த வழிச்சுட்டுத்தான் போவாரு. இப்படியே போயிட்டாரு."

"காலைல நான் வழிச்சு விட்டுட்டேன்" என்றார் பெட்டிக்காரர்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். முகத்தில் பழைய சண்டை அத்தனையும் ஒரே நொடியில் திரும்பி வந்துவிட்டது. "மீசை?"

"மீசையில கை வைக்கல. பெருசா, ஆசையா வளத்திருந்தாரு. சீப்பால வாரி, நுனிய மட்டும் கொஞ்சம் முறுக்கி விட்டேன்."

தையல்காரி நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, அளவு நாடாவை இரண்டு கையாலும் வாயில் அழுத்திக்கொண்டு, அந்த நாளில் முதல்முறையாக அழுதாள். பெட்டிக்காரர் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெட்டிக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் இருந்த பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்து மண்ணை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.